சேறு அள்ளப் போன பதினொரு நாட்கள்

புயல் கரையைக் கடந்த ஆறாம் நாள் காலையில் அந்தக் கடலோரக் கிராமத்தின் பள்ளிக்கூடத்தில் போய் இறங்கினேன். பதிவு மேசையில் இருந்தவர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார்: எத்தனை நாள் இருப்பீர்கள், எங்கே தூங்குவீர்கள், குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறீர்களா? எனக்கு என்ன வேலை தெரியும் என்பதை அவர் கடைசியில்தான் விசாரித்தார். எனக்கு முன்னால் நின்ற நான்கு இளைஞர்கள் செய்தியைப் பார்த்த வேகத்தில் மாற்றுடைகூட இல்லாமல் கிளம்பி வந்திருந்தார்கள். அவர்களுக்கு மிகுந்த பணிவோடு நன்றி சொல்லி, பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிக்கொண்டு, மூன்றாவது வாரத்தில் வரும்படி கேட்டுத் திருப்பி அனுப்பினார். அப்போது அது எனக்குக் கடுமையாகப் பட்டது. அன்று மாலை தண்ணீர் லாரியின் முன் நின்ற வரிசையைப் பார்த்த பிறகுதான், வெறுங்கையோடு வரும் ஒவ்வொருவரும் அந்த வரிசையில் இன்னொரு குடமாகச் சேர்கிறார் என்பது உறைத்தது.

என்னை அறுவர் கொண்ட ஒரு குழுவில் சேர்த்தார்கள். குழுவுக்குத் தலைவி அந்த ஊர்ப் பெண்மணி ஒருவர். அவருடைய சொந்த வீட்டின் கூரையும் பறந்துபோயிருந்தது. ‘மீட்புப் பணிக்கு வந்திருக்கிறோம்’ என்று எங்களில் ஒருவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டபோது, அவர் கோபப்படாமல் திருத்தினார். மீட்பு வேலை முதல் இரவிலேயே முடிந்துவிட்டது; சுவர் இடிந்த வீட்டிலிருந்து முதியவர்களைத் தோளில் தூக்கி வந்ததும், சாலையை மறித்துக் கிடந்த மரங்களை விடிவதற்குள் அரிவாளால் கழித்து வழி உண்டாக்கியதும் அக்கம்பக்கத்தாரே என்று சொன்னார். எந்தப் பேரிடரிலும் நடப்பது இதுதான். வெளியிலிருந்து வரும் எந்த வாகனத்துக்கும் முன்னதாக வந்து நிற்பவர் அடுத்த வீட்டுக்காரர்.

இந்த உண்மையின் மேல் ஓர் அமைப்பையே கட்டி எழுப்பிக் காட்டிய நாடு வங்கதேசம். 1970 நவம்பரில் அங்கே வீசிய போலா புயலில் இறந்தவர்கள் குறைந்தது மூன்று லட்சம் பேர். அதற்குப் பிறகு 1972-இல் தொடங்கிய புயல் முன்னெச்சரிக்கைத் திட்டம், வெளியூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவரவில்லை. கடலோரக் கிராமங்களில் வாழ்பவர்களையே தன்னார்வலர்களாகப் பயிற்றுவித்தது. கொடி ஏற்றுவது, ஒலிபெருக்கியோடு தெருத்தெருவாகச் சுற்றுவது, கையால் சுழற்றும் சங்கை ஒலிப்பது, நடக்க இயலாதவர்களைப் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுசேர்ப்பது ஆகியவை அவர்களுடைய வேலைகள். இன்று அந்தப் படையில் 76,000-க்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் பெண்கள். 1991 புயலில் ஏறத்தாழ 1,38,000 பேரை இழந்த அதே நாடு, 2007-இல் சிட்ர் புயலில் இழந்தது சுமார் 3,400 பேரை. அந்த எண்ணிக்கையும் பெரிய துயரம்தான். ஆனாலும் இடைப்பட்ட காலத்தில் பாதுகாப்பு மையங்கள் பெருகின, வானிலைக் கணிப்பு மேம்பட்டது, யார் வீட்டில் படுக்கையில் கிடக்கும் பாட்டி இருக்கிறார் என்று தெரிந்த ஒருவர் கதவைத் தட்டினார். எங்கள் தலைவியிடமும் அந்த வகை அறிவு இருந்தது. எங்கள் ஐந்து பேருக்கும் அது இல்லை. ஆகவே அவர் சொல்வதைச் செய்வது என்ற முடிவுக்கு வர எங்களுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

முதல் நாள் முழுக்க, செய்யக்கூடாதவற்றையே கற்றுக்கொண்டோம். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இல்லை என்று மின் ஊழியர் சொல்லும்வரை, இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். ஊர் முழுவதும் இருண்டு கிடந்தாலும், யாரோ ஒருவர் வீட்டில் தவறான முறையில் இணைத்த ஜெனரேட்டரிலிருந்து அந்தக் கம்பிக்கு மின்சாரம் திரும்பி வரக்கூடும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ சன்னல் ஓரத்திலோ வைக்கக்கூடாது, குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி வெட்டவெளியில் வைக்க வேண்டும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. புயலில் தப்பிய குடும்பங்கள் அடுத்த வாரத்தில் தூக்கத்திலேயே இறந்துபோன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. சாய்ந்த மரத்தை அறுக்கும் வேலை பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டும் உரியது. விழுந்த மரம் உயிரற்றுக் கிடப்பதாகத் தோன்றினாலும், வளைந்து அழுந்திய கிளைகளில் வில்லின் நாணில் இருப்பதைப் போன்ற விசை தேங்கியிருக்கிறது. தவறான பக்கத்தில் ரம்பம் பட்டால் அது அறுப்பவரின் மேலேயே பாயும். எனக்கு மண்வெட்டியும், தடித்த கையுறையும், முழங்கால்வரை ஏறும் ரப்பர் பூட்ஸும் கொடுத்தார்கள். கிளம்புமுன் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறேனா என்று கேட்டு, ஏட்டில் குறித்துக்கொண்டார்கள்.

எங்கள் வேலை வீடுகளிலிருந்து சேற்றை வெளியேற்றுவது. கேட்பதற்கு எளிய வேலை. ஆனால் அதற்கென்று ஒரு வரிசை இருக்கிறது. ஒரு பொருளையும் நகர்த்துவதற்கு முன்னால், வீட்டின் எல்லாப் பக்கங்களையும், சுவரில் தண்ணீர் நின்ற கோட்டையும் புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இழப்பீடு கேட்கும் குடும்பத்துக்கு அந்தப் படங்களே சான்று. ஆர்வக்கோளாறில் வீட்டைப் பளிச்சென்று கழுவிக் கொடுத்துவிட்டால், சேதத்தின் அடையாளத்தையும் சேர்த்துக் கழுவியவர்கள் ஆகிறோம். அதன் பிறகு சேற்றை ஈரம் இருக்கும்போதே அள்ள வேண்டும், காய்ந்து இறுகிவிட்டால் கடப்பாரை வேண்டியிருக்கும். நனைந்த மெத்தை, பஞ்சு, அட்டைப் பலகை ஆகியவற்றை உடனே வெளியேற்றிக் கதவு சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும்; ஓரிரு நாள் ஈரத்திலேயே பூஞ்சணம் படரத் தொடங்கிவிடும், நாங்கள் போனதோ ஆறாம் நாள். பிளீச்சிங் பவுடர் கரைசலால் தரையையும் சுவரையும் துடைப்பது இறுதியில்தான். அந்தக் கரைசலோடு அமிலமோ அமோனியா கலந்த வேறு திரவமோ சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும் என்பதால், ஒரே வாளியில் எதையும் கலக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

இவ்வளவையும் சரியாகச் செய்தோம் என்ற திருப்தியோடு இரண்டாம் நாள் மதியம் நான் செய்த ஒரு பிழையைத்தான் இங்கே எழுத வேண்டும் என்று பல வாரங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது தையல் வேலை செய்யும் ஒரு அம்மாவின் வீடு. அவர் நிவாரண அட்டைக்காக வரிசையில் நிற்கப் போயிருந்தார். ‘வீட்டுக்காரர் வரட்டும்’ என்று தலைவி சொல்லியிருந்தும், வேலையை முடித்துவைத்தால் அவர் திரும்பி வந்து பார்த்து மகிழ்வார் என்று எண்ணி, முன்னறையைக் காலி செய்யத் தொடங்கினேன். மூலையில் சேற்றில் ஊறிப் பருத்து, அட்டை கழன்று, ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஒரு நோட்டுக் கட்டு கிடந்தது. பழைய பள்ளி நோட்டுகள் போலிருந்தன. அதைக் கூடையில் போட்டு, தெருமுனையில் உயர்ந்துகொண்டிருந்த குவியலில் கொட்டிவிட்டு வந்தேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அவர் வந்ததும் தையல் இயந்திரத்தைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை, அந்த மூலையைத்தான் பார்த்தார். “தம்பி, இங்கே ஒரு கட்டு இருந்ததே” என்றார். அவை அவருடைய அளவு நோட்டுகள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன்னிடம் துணி தைத்தவர்களின் தோள், மார்பு, இடுப்பு, கை நீளம் அனைத்தையும் அவர் அவற்றில் எழுதி வைத்திருந்தார். ஊரை விட்டுப் போனவர்கள் தொலைபேசியில் சொன்னாலே போதும், அந்த நோட்டைப் பார்த்துத் தைத்து அனுப்பிவிடுவார். இயந்திரத்தை வேறு வாங்கலாம், அந்த எண்களை எங்கே வாங்குவது என்று அவர் கேட்டபோது குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

நாங்கள் அறுவரும் அந்தக் குவியலை ஏறத்தாழ இரண்டு மணிநேரம் கிளறினோம். குப்பை வண்டி அன்று வராதது எங்கள் நல்வாய்ப்பு. கட்டு அகப்பட்டது. குழுவில் ஆவணக் காப்பகம் ஒன்றில் பணிபுரிந்த பெண் ஒருவர் இருந்தார். ஒட்டிய தாள்களைப் பிரிக்க இழுக்காதீர்கள் என்று எங்கள் கைகளைத் தடுத்து, அடுத்த வேலையை அவரே ஏற்றுக்கொண்டார். சுத்தமான குளிர்ந்த நீரில் சேற்றை மெதுவாக அலசி, பிரியக்கூடிய தாள்களுக்கு இடையில் ஈரம் உறிஞ்சும் வெற்றுத்தாளை வைத்து, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் பரப்பி, உறிஞ்சிய தாள்களை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தார். புகைப்படங்களுக்கும் ஏறக்குறைய இதே முறைதான். உடனே உலர்த்த வழியில்லாவிட்டால் உறைநிலையில் வைத்துக் கெடாமல் நிறுத்திவைக்கலாம் என்றும் அவர் சொன்னார், மின்சாரமே இல்லாத ஊரில் அதற்கு வழி இருக்கவில்லை. மூன்றாம் நாள் மாலை தாள்கள் அலையலையாகக் காய்ந்து நின்றன. மை பேனாவால் எழுதிய பெயர்கள் நீலக் கறையாகக் கலைந்திருந்தன. அளவுகளைப் பென்சிலால் எழுதியிருந்தார். பென்சிலின் கரியம் நீரில் கரையாது, அவை அனைத்தும் அப்படியே இருந்தன. பெயரில்லாமல் எண்கள் மட்டும் நின்ற பக்கங்களைப் புரட்டி, தோள் அளவையும் கை நீளத்தையும் கொண்டே அது யார் என்று அந்த அம்மா ஒவ்வொருவராக அடையாளம் சொன்னதை நான் அருகில் உட்கார்ந்து கேட்டேன்.

அன்றிலிருந்து எங்கள் குழு வீட்டுக்காரர் வாசலில் இல்லாமல் எந்த வீட்டிலும் கூடையைத் தூக்கவில்லை. ஒவ்வொரு பொருளையும் அவரிடம் காட்டிக் கேட்டோம். வேலை பாதி வேகத்துக்குக் குறைந்தது; ஒரு நாளில் மூன்று வீடு என்பது ஒன்றரை வீடானது. ஒருங்கிணைப்பாளர் அட்டவணையைப் பார்த்து முகம் சுளித்தபோது தலைவி எங்களுக்காகப் பேசினார். எல்லாவற்றையும் காற்றும் நீரும் தீர்மானித்துவிட்ட ஒரு வாரத்துக்குப் பிறகு, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தானே சொல்லக் கிடைக்கும் முதல் வாய்ப்பு அந்த வாசலில்தான் ஒருவருக்கு வாய்க்கிறது. அதை நாம் பறித்துக்கொள்ளக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேட்காமல் கொடுப்பதும் இதே வகைப் பிழைதான் என்பதைப் பள்ளியின் பெரிய கூடத்தில் பார்த்தேன். கூரையைத் தொடும் அளவுக்குப் பழைய துணி மூட்டைகள். மழையில் நனைந்தவை, கிழிந்தவை, யாருக்கும் பொருந்தாத அளவுகள், ஒற்றைச் செருப்புகள். அவற்றைப் பிரித்து அடுக்கவே பன்னிரண்டு பேர் மூன்று நாட்கள் வேலை செய்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் சேறு அள்ள வந்திருக்க வேண்டியவர்கள். குடும்பங்களைத் தங்கவைக்க வேண்டிய கூடமும் மூட்டைகளுக்குப் போய்விட்டது. 1998-இல் மிட்ச் புயலுக்குப் பிறகு ஹோண்டுராஸில், நன்கொடைத் துணி மூட்டைகள் ஓடுதளத்தில் குவிந்து கிடந்ததால் நிவாரணப் பொருட்களோடு வந்த விமானம் இறங்க முடியாமல் போனது. பேரிடர்ப் பணியாளர்கள் இந்தக் குவியலை ‘இரண்டாவது பேரிடர்’ என்றே அழைக்கிறார்கள். துணி அனுப்பியவர்களின் மனத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அனுப்புமுன் ஒரு தொலைபேசி அழைப்பு செய்திருந்தால், அந்த ஊர் கேட்டிருக்கக்கூடியவை தார்பாய், கயிறு, ஆணி, வாளி, மாதவிடாய் அணையாடை, கைவிளக்கு ஆகியவை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பன்னாட்டு நிவாரண அமைப்புகள் பின்பற்றும் ஸ்பியர் தரநிலைகள், ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்றும், ஒரு குழாய்க்கு அதிகபட்சம் 250 பேர் என்றும் வரையறுக்கின்றன. எங்கள் முகாமில் பத்தாம் நாள்தான் அந்த அளவை எட்டினோம். கலங்கிய நீரைத் தெளியவைத்து வடிகட்டிய பிறகே குளோரின் சேர்க்க வேண்டும், சேர்த்து அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். கடல்நீர் புகுந்த கிணறுகளை ஒரே மூச்சில் இறைத்து வற்றவைத்துவிடலாம் என்று நாங்கள் கிளம்பியபோது ஒரு பொறியாளர் தடுத்தார். வேகமாக இறைத்தால் கிணற்றுச் சுவர் இடியலாம், அடியிலுள்ள உப்புநீரும் மேலே ஏறிவரும், பல மழைகளுக்குப் பிறகே அது மெல்ல இனிக்கும் என்றார். நல்ல எண்ணத்தோடு கிளம்பிப் பாதியில் திரும்பியது அன்றோடு இரண்டாம் முறை.

ஐந்தாம் நாள் எனக்குக் கணக்கெடுப்பு வேலை கொடுத்தார்கள். வீட்டுக்கு ஒரு அட்டை என்பது ஏட்டில் நேர்மையாகத் தோன்றும் விதி. ஆனால் வாடகைக்கு இருந்தவர்களின் பெயர் வீட்டுப் பட்டியலில் இருப்பதில்லை. ஒரே கூரையின் கீழ் மூன்று அடுப்பு எரிந்த வீட்டுக்கும் ஒரே அட்டைதான். மகன் வீட்டின் பின்கட்டில் தனியாகச் சமைத்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் எந்தக் கணக்கிலும் வரவில்லை; கேட்டால், ‘நான் எதற்கு, அவன் வாங்கியிருப்பான்’ என்றார். தலைவி என்னைப் பகலில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் அதே தெருவுக்கு அனுப்பினார். பகலில் ஆண்கள் பதில் சொன்ன வீடுகளில், மாலையில் அவர் பெண்களிடம் தனியாகப் பேசினார். பகலில் ‘ஒன்றும் குறையில்லை’ என்று பதிவான வீடுகளில் கருவுற்ற பெண் ஒருவரும், மாத்திரை தீர்ந்துபோய் நான்கு நாட்களான சர்க்கரை நோயாளி ஒருவரும் இருந்தது மாலையில்தான் தெரிந்தது.

அந்தத் தெருவின் கடைசி வீட்டில் ஒரு பெரியவர் ஒவ்வொரு நாளும் எங்களை நிறுத்தி அந்த இரவைச் சொல்வார். காற்றுக்கு அவர்கள் தயாராகவே இருந்திருக்கிறார்கள். கூரையின் மேல் கல் ஏற்றி, கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். “காற்றை எங்களுக்குத் தெரியும் தம்பி, கடலே வீட்டுக்குள் வரும் என்று யாரும் சொல்லவில்லை” என்பார். உண்மையில் சொல்லியிருக்கிறார்கள்; எச்சரிக்கையில் அதற்கு ஒரு கலைச்சொல் இருந்திருக்கிறது, அது அவர் காதில் விழுந்து பொருளாகவில்லை. 2013 நவம்பரில் பிலிப்பைன்ஸின் தக்லோபான் நகரிலும் இதுவே நடந்தது. ஹையான் புயலில் ஐந்து மீட்டருக்கும் மேல் கடல் எழும்பி நகருக்குள் புகுந்தது. அந்நாட்டில் 6,300 பேர் இறந்தார்கள். எச்சரிக்கையில் வந்த சொல் புரியவில்லை, சுனாமி போல் தண்ணீர் வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று தப்பியவர்கள் பலர் பின்னர் கூறினார்கள். தமிழில் எழுதும் நமக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. ‘புயல் எழுச்சி’ என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், ‘கடல் ஆளுயரத்துக்கு மேல் ஊருக்குள் வரும், மேட்டுக்குப் போய்விடுங்கள்’ என்று எழுதினால்தான் அது எச்சரிக்கை.

அந்தப் பெரியவர் நாளும் அதையே சொன்னபோது எப்படிக் கேட்பது என்பதற்கும் எங்களுக்கு ஒரு சிறு பயிற்சி தந்திருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் வழிமுறை அது: சூழலைப் பார், சொல்வதைக் கேள், தேவையான இடத்தோடு சேர்த்துவை. பேசாதவரைப் பேசவைக்க முயலக்கூடாது, ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று நம்மால் காப்பாற்ற முடியாத வாக்குறுதியைத் தரக்கூடாது. படம் எடுப்பதையும் நாங்கள் சேதத்தோடு நிறுத்திக்கொண்டோம். பாதிக்கப்பட்டவர்களைக் கதியற்றவர்களாக அல்லாமல் கண்ணியமுள்ள மனிதர்களாகவே காட்ட வேண்டும் என்று செஞ்சிலுவை இயக்கமும் பிற அமைப்புகளும் 1994-இல் வகுத்த நடத்தை நெறியே சொல்கிறது. பொட்டலம் வாங்கும் கையைப் படமெடுத்து அன்றிரவே பகிர்ந்துகொண்ட குழு ஒன்றும் அங்கே வந்து போனது. அந்தக் கை யாருடையது என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

பத்தாம் நாள் முகாம் பாதியாகச் சுருங்கியிருந்தது. விடுப்பு முடிந்தவர்கள் கிளம்பினார்கள், செய்தியாளர்களின் வண்டிகள் போய்விட்டன. தையல் இயந்திரத்தின் சக்கரம் மண்ணெண்ணெயில் ஊறியும் சுழலவில்லை. உப்பு உள்ளே ஏறிவிட்டது, பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும் என்றார்கள், கொண்டுபோக வண்டி கிடைக்கவில்லை. கிளம்பும் நாள் காலையில் தலைவி என்னை உட்காரவைத்து, அடுத்து வரும் குழுவுக்கு ஒப்படைக்க ஒரு பட்டியல் எழுதச் சொன்னார். சேறு அள்ளாமல் மிச்சமிருந்தவை பதினான்கு வீடுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் எப்போது வீட்டில் இருப்பார்கள், எதைத் தொடுமுன் யாரைக் கேட்க வேண்டும், யாருக்கு மாத்திரை வேண்டும் என்பதை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். திருப்பி அனுப்பப்பட்ட அந்த நான்கு இளைஞர்களின் பெயர்கள் மேசை ஏட்டில் மூன்றாவது வாரத்துக்கு நேராக இருந்தன. பட்டியல் அவர்கள் கைக்கே போகும் என்றார். சட்டைப்பையில் பேனா இருந்தது. அதை வைத்துவிட்டு, அந்த அம்மாவிடம் போய் ஒரு பென்சில் வாங்கி வந்து எழுதி முடித்தேன்.